எத்தனை

மூடிமேல் எழுத்து நீலம் என்றால் பழையது.
சிவப்பும் கறுப்பும் கலந்திருந்தால் நடுவிலது.
சிவப்பு மட்டும் என்றால்
விலை கேட்குமுன் எச்சிலை விழுங்கிக்கொள்.
டோனகல் பையன்களுக்கு இது அரிச்சுவடி.
இதை மட்டும் நம்பிக் கல்யாணத்தை
இரண்டு வருஷம் தள்ளிப்போட்ட ஒருவனை
எனக்குத் தெரியும்.

மூடியைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.
பொய் சொல்லவும் அதே ஸ்பேனர்தான்.

ஆகவே உடம்பைத் தொடு.
வார்ப்பிரும்பின் முதுகில் விலாக்கள் நிற்கும்.
மூன்று என்றால் முதல் வார்ப்பு.
ஏழு என்றால்
ஜப்பானில் யாரோ ஒருவர் மூன்றைப் பார்த்து
போதாது என்று தலையாட்டிய பிறகு ஊற்றியது.

ஆர்டராவுக்கு மேலே, மழை பக்கவாட்டில் பெய்யும் ஊரில்
கிரானியா பாய்ஸின் தகரக் கொட்டகை.
ஆட்டுத் தீவன மூட்டைகளுக்குப் பின்னால்
பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தது எஞ்சின்.
நீல எழுத்து.
"எண்ணூறு யூரோ," என்று போனில் சொல்லியிருந்தாள்.
சட்டைப் பையில் எண்ணூறு.
காலுறைக்குள் இன்னொரு எழுநூறு,
ஆசைக்கென்று.

அண்ணனுடையதா என்றேன்.
பதில் சொல்லாமல் டார்ச்சை நீட்டினாள்.
மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு,
புகைக்குழாயின் வளைவு அப்படியே.
அதைப் பார்த்தேன்.
பார்த்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

குனிந்தேன்.
காற்று நுழையும் வாயில்
அந்த நாலு குட்டிக் கதவுகள் இல்லை.
பழையதில் இருக்க வேண்டும்.
சரி, யாராவது பிடுங்கிப் போட்டிருப்பார்கள்.
நீலம்கூட ஒரு தினுசான நீலம்,
ஃபோர்டு டிராக்டரின் நீலம்.
பதினாறில் உள்ள ஆறின் வயிற்றை
நகத்தால் சுரண்டினேன்.
அடியில்
கொசு கடித்த அளவுக்குச் சிவப்பு.

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நல்லதுதான்;
என் நெஞ்சு அடித்தது அவளுக்குக் கேட்டிருக்காது.

கையைப் பின்னால் விட்டேன்.
குளிர்ந்த இரும்பு, ஒட்டடை, பிசுக்கு.
விரல் விட்டு எண்ணினேன், நிஜமாகவே.
ஒன்று, இரண்டு, மூன்று.
அதோடு நின்றிருந்தால் நான் நல்லவனாகவே வீடு போயிருப்பேன்.
நான்கு.
ஐந்து, ஆறு.
ஏழாவது, இடுக்கில்,
நடுவிரல் நுனிக்கு மட்டும் எட்டியது.

எழுந்து கையைத் துடைத்தேன்.
முகத்தையும் துடைத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.
"எத்தனை?" என்றாள்.
"துரு கொஞ்சம் இருக்கிறது. எழுநூற்றைம்பது."
"எத்தனை?"
"சரி, எண்ணூறு. பேசியபடி."
"விலையைக் கேட்கவில்லை, லோர்கன்.
எத்தனை?"

ஆடு ஒன்று இருமியது.
பொய்க்குத் தேவை ஒரே ஒரு எண்.
அது வாய்க்குள் தயாராக இருந்தது.
அதற்குள் டார்ச் வெளிச்சம்
என் நடுவிரலுக்கு வந்துவிட்டது,
கறுத்துப்போன நுனிக்கு.
"ஏழு," என்றேன்.

"போன வாரம் ஸ்ட்ரபேனிலிருந்து ஒருவர்.
மூன்று என்றார்.
முழங்கைவரை பிசுக்கு.
மூன்றை எண்ண முழங்கை வேண்டாமே."
சிரிக்கவில்லை.
"நீலம் நான் அடித்தது.
அந்த மூச்சுக்குழாய்த் தழும்பும் என்னுடையதுதான்,
நீ கேட்கவில்லை.
ஆயிரத்து ஐந்நூறு."

உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன்.
ஒற்றைக் காலில் ஈரத் தரையில் நின்று
நோட்டுகளை உருவி எடுத்தேன்.
என் கால் சூட்டில் அவை கொஞ்சம் வெதுவெதுப்பாய் இருந்தன.
அவள் எண்ணினாள்,
இரண்டு முறை.